"இந்த மெஷினுக்கு இனிச் சப்போட் இல்லை" என்றால் என்ன?

"இந்த மெஷினுக்கு இனிச் சப்போட் இல்லை, புதுசு ஒன்று எடுங்கோ." யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தக் கொடுத்தவர்கள் பலரும் கேட்டிருக்கும் வசனம் இது. இந்த ஒரு வசனத்துக்குள் குறைந்தது நான்கு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கலாம். புரோசஸருக்கு ஒரு கட்டளை தெரியாமல் இருக்கலாம். மெஷின் 32 பிட் ஆக இருக்கலாம். ஏதோ ஒரு பாகத்துக்கு ட்ரைவர் இல்லாமல் போயிருக்கலாம். அல்லது மெஷினால் முடிந்தும், மென்பொருளைச் செய்த கொம்பனி "இதற்குக் கீழே ஏற்கமாட்டோம்" என்று கோடு கீறியிருக்கலாம். முதலாவதற்கு மருந்து கிடையாது. கடைசியிலுள்ளதற்குப் பல வழிகள் உண்டு. எது என்று கேட்டு அறியாமல் காசைக் கொடுப்பதும் நட்டம், பழையதோடு மாரடிப்பதும் நட்டம்.

எங்கள் ஊர் ஒஸ்டின் ஏ40 காரை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் அப்படியே இருந்தது, பெற்றோல்தான் மாறியது. ஈயம் கலந்த பெற்றோலை நம்பிச் செய்த இயந்திரங்களில், ஈயம் இல்லாத பெற்றோல் வந்ததும் வால்வு இருக்கைகள் தேயத் தொடங்கின. கடினமான இருக்கை வளையம் பொருத்தினால் ஓடும். கணினியிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. மெஷின் பழுதாகவில்லை. அதற்குள் ஊற்றப்படும் மென்பொருள், பழைய இயந்திரத்தில் இல்லாத ஒன்றை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது. வித்தியாசம் என்னவென்றால், புரோசஸருக்கு இருக்கை வளையம் மாற்ற முடியாது.

புரோசஸருக்குத் தெரியாத கட்டளை

ஒரு புரோகிராம் என்பது மிகச் சிறிய கட்டளைகளின் நீண்ட வரிசை. "இந்த இரண்டையும் கூட்டு", "இதை அங்கே வை" என்ற அளவுக்குச் சிறியவை. ஒவ்வொரு புரோசஸருக்கும் தனக்குத் தெரிந்த கட்டளைகளின் பட்டியல் ஒன்று உண்டு. புதிய தலைமுறை வரும்போது பழைய பட்டியல் அப்படியே இருக்க, புதிதாகச் சில கட்டளைகள் சேரும். ஆகவே பழைய புரோகிராம் புதிய மெஷினில் அநேகமாக ஓடும். புதிய புரோகிராம் பழைய மெஷினில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை.

ஒரு கட்டளையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெயர் பொப்கவுண்ட். ஓர் எண்ணை 0, 1 வடிவில் எழுதினால் அதில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணுவது அதன் வேலை. 13 என்பது கணினிக்குள் 1101. அதில் மூன்று 1. புதிய புரோசஸர் ஒரே கட்டளையில் 3 என்று சொல்லிவிடும். பழையது ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து, கூட்டி, நகர்ந்து போகவேண்டும். புரோகிராமை உருவாக்கும்போதே "பொப்கவுண்ட் இருக்கிறது" என்று வைத்து உருவாக்கிவிட்டால், அதை அறியாத புரோசஸர் அந்த இடத்துக்கு வந்ததும் "இப்படி ஒரு கட்டளை என்னிடம் இல்லை" என்று நின்றுவிடும்.

2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் நடந்தது இதுவே. அதற்குப் பொப்கவுண்டும் எஸ்எஸ்ஈ 4.2 என்ற கட்டளைத் தொகுதியும் கட்டாயம். இன்டெலில் இவை இரண்டும் 2008இல் வந்த முதல் கோர் ஐ தலைமுறையோடு சேர்ந்தவை. அதற்கு முந்திய கோர் 2 டுவோ மெஷின்களில் 24எச்2 ஏறாது. எந்தத் தந்திரமும் எடுபடாது. "நான் ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், ஏற்றப்போவது வேறு பதிப்பு.

இது புதிய வழக்கமும் அல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8, எஸ்எஸ்ஈ 2 இல்லாத புரோசஸர்களை ஒதுக்கியது. 2021இல் குரோம் 89ஆம் பதிப்பு எஸ்எஸ்ஈ 3 கேட்டது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸே 1991இல் ஓர் இன்டெல் 386 மெஷினில் பிறந்ததுதான். ஆனால் 386க்கான பகுதியை நீக்கும் முடிவு 2012 டிசெம்பரில் எடுக்கப்பட்டு, 3.8ஆம் கேர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) அது போய்விட்டது. தான் பிறந்த மெஷினையே அது கைவிட்டது.

இரண்டு வகைக்கும் சேர்த்து எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம். தொடங்கும்போது புரோசஸரைப் பார்த்து, பழையதென்றால் ஒரு பாதை, புதியதென்றால் இன்னொரு பாதை என்று பல புரோகிராம்கள் செய்கின்றன. ஆனால் பாதை இரண்டென்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டிலும் சோதிக்கவேண்டும். சோதிக்கப் பழைய மெஷின் வேண்டும், அதைத் தெரிந்த ஆள் வேண்டும். சோதிக்காத பாதையில் பாதுகாப்பு ஓட்டை விழுந்தால் கவனிக்க ஆள் இல்லை. ஆதரவை நிறுத்துவதற்கான காரணங்களில் நியாயமானது இதுதான்.

32 பிட்

பிட் என்பது ஒரு 0 அல்லது 1. முகவரியை 32 பிட்டில் எழுதும் புரோகிராம் ஒன்றால் நேரடியாக எட்டக்கூடிய நினைவக முகவரிகள் 4,294,967,296. அதாவது 4 ஜிபி. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை. லினக்ஸின் வகைகளில் ஒன்றான உபுண்டு 2017இல் 32 பிட் டெஸ்க்டொப் பதிப்பை நிறுத்தியது. இன்னொரு வகையான டெபியனில், 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்புக்கு 32 பிட் மெஷின்களுக்கான நிறுவி கிடையாது. டெபியன் 12 இன்னும் உண்டு, அதன் நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை.

ஒன்றைக் கவனியுங்கள். மெஷின் 64 பிட் ஆக இருக்க, அதில் ஏற்றியிருக்கும் விண்டோஸ் 32 பிட் ஆக இருக்கலாம். 2 ஜிபி ரம் உள்ள மெஷின்களுக்கு முன்பு அப்படித்தான் ஏற்றிக் கொடுப்பார்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் இரண்டும் தனித்தனியே எழுதியிருக்கும். "32 பிட் ஒப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புரோசஸர்" என்று இருந்தால் உங்கள் மெஷின் 64 பிட். இயங்குதளத்தை மாற்றிப் போட்டால் போதும்.

ட்ரைவர்

பிரின்டர், ஸ்கானர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்ட் ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தோடு கதைக்க ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அதுதான் ட்ரைவர். 32 பிட் ட்ரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. பழைய ஸ்கானர் ஒன்றுக்குக் கொம்பனி 32 பிட் ட்ரைவர் மட்டுமே வெளியிட்டிருந்தால், ஸ்கானர் புதுசு போல இருந்தாலும் புதிய மெஷினில் அது வெறும் பெட்டி. கடைகளில் "மெஷின் பழசு" என்று சொல்லப்படும் சில கேஸ்களில் பழையது மெஷின் இல்லை, அதில் செருகிய சாமான்.

கோடு கீறிய கொம்பனி

இப்போது அதிகம் பேரைத் தொட்டிருப்பது இதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பவை: 64 பிட் புரோசஸர், 4 ஜிபி ரம், 64 ஜிபி இடம், யூஈஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் செக்யூர் பூட் (நம்பத்தகுந்த மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல்), ரிபிஎம் 2.0 (என்னவென்று கீழே பார்ப்போம்). இவற்றுக்கு மேல் புரோசஸர் பட்டியல் ஒன்றும் உண்டு. சில விதிவிலக்குகளை விட்டால், இன்டெலில் 8ஆம் தலைமுறையும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் தொடக்கம்.

மூன்றாம் தலைமுறை ஐ5 மெஷினுக்குப் பொப்கவுண்ட் தெரியும், எஸ்எஸ்ஈ 4.2 தெரியும். அதால் விண்டோஸ் 11ஐ ஓட்ட முடியும். ஆனால் பட்டியலில் இல்லை. மைக்ரோசொஃப்ட் இதற்குப் பாதுகாப்பைக் காரணம் சொல்கிறது. இயங்குதளத்தின் உட்பகுதியைத் தனியே பிரித்துக் காக்கும் ஏற்பாட்டுக்குப் புதிய புரோசஸர்களில் வன்பொருள் உதவி உண்டு, பழையவற்றில் அதே வேலையைச் செய்தால் வேகம் குறையும். இதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் நன்றாக ஓடும் 6ஆம், 7ஆம் தலைமுறை மெஷின்களைக் கோட்டுக்கு வெளியே விட்டது கடுமையான முடிவு என்பதே எங்கள் கருத்து. ஒரு மெஷினைப் பத்து வருடம் பாவிக்கும் ஊருக்கு அது இன்னும் கடுமை.

தலைமுறையை அறிவது பெரும்பாலும் சுலபம். ஐ5-3470 என்றால் இடைக்கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கம் 3, ஆகவே மூன்றாம் தலைமுறை. ஐ5-8250யூ எட்டாவது. ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டையும் எடுக்கவேண்டும், ஐ5-10400 பத்தாவது. பென்ரியம், செலரோன் பெயர்களில் இந்தக் கணக்கு எடுபடாது. அவற்றைப் பட்டியலில்தான் தேடவேண்டும்.

ரம்மைக் கூட்டி எஸ்எஸ்டி போட்டால் 11 ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். வேகம் கூடும், கோடு நகராது. ஐந்தாம் தலைமுறை மெஷினில் 16 ஜிபி போட்டாலும் அது ஐந்தாம் தலைமுறைதான்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவரும் பழைய லப்டொப்பில் இதை முன்கூட்டியே பாருங்கள். அங்கே அலுவலகங்கள் கழித்துவிடும் மெஷின்களில் 6ஆம், 7ஆம் தலைமுறை நிறைய. பெட்டி கட்டமுதல் அபௌட் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பயோஸ் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) பாஸ்வேர்ட் இருக்கிறதா, கொம்பனிக் கணக்கில் பதிவாகி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவற்றை நீக்கக்கூடியவர் அங்கேதான் இருப்பார்.

எட்டாம் தலைமுறைக்கு மேல் இருந்தும் ஏறவில்லை என்றால்

இது அடிக்கடி வரும், அநேகமாகத் தீரும். ரிபிஎம் என்பது இரகசியச் சாவிகளை வைக்கும் சின்னப் பெட்டகம். தனிச் சிப் தேவையில்லை, இன்டெலில் பிரிரி என்ற பெயரிலும் ஏஎம்டியில் எஃப்ரிபிஎம் என்ற பெயரிலும் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டொப் போர்டுகள் பலவற்றில் அது பயோஸில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் ரன் பெட்டியில் ரிபிஎம், புள்ளி, எம்எஸ்சி என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் நிலைமை தெரியும். இல்லை என்று வந்தால் பயோஸுக்குள் போய் இயக்குங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருந்தால் முதலில் அதன் ரிகவரி சாவியை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இயக்கும்போது அது கேட்கும்.

அடுத்த தடை கொஞ்சம் சிக்கலானது. அதே ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 அடித்தால் "பயோஸ் மோட்" என்று ஒரு வரி வரும். அதில் லெகஸி என்று இருந்தால், விண்டோஸ் பழைய முறையில் ஏற்றப்பட்டிருக்கிறது, டிஸ்க்கின் பிரிவுகள் எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கின்றன. செக்யூர் பூட்டுக்கு யூஈஎஃப்ஐ முறையும் ஜிபிரி என்ற புதிய வடிவும் தேவை. விண்டோஸ் 10க்குள்ளேயே எம்பிஆர்2ஜிபிரி என்ற கருவி உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கொமாண்ட் பிரொம்ப்ட்டைத் திறந்து, முதலில் அதன் வலிடேட் கட்டளையால் சோதித்து, சரி என்றால் மட்டும் கொன்வேர்ட் கட்டளையைக் கொடுக்கவேண்டும். இரண்டோடும் அலவ்ஃபுல்ஓஎஸ் (allowFullOS) என்ற சொல்லையும் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் அது வேலை செய்யாது.

எங்கள் பக்கத்து மெஷின்களில் இது தோற்றுப்போவதற்கு முக்கிய காரணம் டி, ஈ, எஃப் என்று பிரித்து வைத்திருக்கும் பழக்கம். பழைய முறையில் அவை லொஜிக்கல் பிரிவுகளாக இருக்கும், அவை இருந்தால் கருவி மறுத்துவிடும். பிரைமரிப் பிரிவுகளும் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. அப்படியானால் டி, ஈயில் உள்ளவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, அந்தப் பிரிவுகளை அழித்து, பிறகு முயலவேண்டும். வரிசையும் முக்கியம்: முதலில் டிஸ்க்கை மாற்றுங்கள், அதற்குப் பிறகுதான் பயோஸில் யூஈஎஃப்ஐக்கு மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் "பூட் டிவைஸ் இல்லை" என்று நிற்கும். பதறவேண்டாம், தரவு அழியவில்லை. பயோஸைத் திரும்ப லெகஸிக்கு மாற்றினால் எழும்பும்.

கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு

விண்டோஸ் 10க்கு வீட்டுப் பாவனையாளருக்கான நீடித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசொஃப்ட் 2026 ஒக்டோபர் 13 வரை அறிவித்தது. 22எச்2 பதிப்பும் மைக்ரோசொஃப்ட் கணக்கும் தேவை. செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம், இல்லையெனில் 30 டொலர் அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். கிடைப்பது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்.

ரூஃபஸ் என்ற கருவியால் ரிபிஎம் சோதனையை நீக்கிய பென் ட்ரைவ் செய்து 11ஐ ஏற்றுவது இன்னொரு வழி. மூன்றாம் தலைமுறையிலிருந்து ஏழாம் தலைமுறை வரை ஓடும். மாதாந்தத் திருத்தங்கள் அநேகமாக வரும், ஆனால் மைக்ரோசொஃப்ட் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. ஆண்டுப் பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்றவேண்டும். வீட்டு மெஷினுக்குச் சரி. கடைக் கணக்கும் சம்பளப் பட்டியலும் இருக்கும் மெஷினுக்கு வேண்டாம்.

மூன்றாவது லினக்ஸ். இணையம், கடிதம், பிள்ளைகளின் படிப்பு, வீடியோ என்பவைதான் வேலை என்றால் எங்கள் தெரிவு இதுவே. லினக்ஸ் மின்ட் 22 கோர் 2 டுவோவிலும் ஓடும், 2029 வரை திருத்தம் வரும். ஆகக் குறைந்தது 2 ஜிபி ரம், வசதியாக ஓட 4 ஜிபி. எல்லா லினக்ஸும் இப்படி இளகிய மனம் கொண்டவை அல்ல: 2025இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் 10, இன்டெலின் நான்காம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்காது.

8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதி, மெஷினை இயக்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 விசையால் அதிலிருந்து தொடங்குங்கள். டிஸ்க்கைத் தொடாமலே ஓடும். உடனே நிறுவவேண்டாம், அப்படியே ஒரு மணித்தியாலம் பாவித்துப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் அடிக்கிறதா? பிரோட்கொம் வைஃபை உள்ள லப்டொப்கள் முதலில் பிடிக்காமல் இருக்கலாம். ஃபோனை யூஎஸ்பி வயரால் செருகி ரெதரிங் போட்டால் இணையம் வரும், பிறகு ட்ரைவர் மனேஜர் மிச்சத்தை இறக்கிக்கொள்ளும். கெனன் எல்பிபி 2900 பிரின்டர் வைத்திருப்பவர்கள் கவனம்: அது கப்ட் என்ற கெனனின் சொந்த மொழியில் கதைப்பது, லினக்ஸில் நேராக வேலை செய்யாது, மினக்கெடவேண்டும்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் பொதியைப் போட்டால் தமிழ்99ம் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். பாமினியில் அடித்த பழைய கடிதங்களுக்குப் பயப்படவேண்டாம். பாமினி எழுத்துருக் கோப்பை மெஷினில் நிறுவினால் லிப்ரே ஒஃபிஸில் அவை முன்போலவே தெரியும்.

மணிக்கூடு பிந்திய மெஷின்

ஒவ்வோர் இணையத்தளமும் "பாதுகாப்பில்லை" என்று மறுக்கிறது, ஆகவே மெஷின் பழசாகிவிட்டது என்று ஒரு முறைப்பாடு வரும். முதலில் கீழ் மூலையில் திகதியைப் பாருங்கள். இணையத்தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. மெஷின் தன்னை 2010இல் இருப்பதாக நினைத்தால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் அதற்கு இன்னும் பிறக்காதவை. காரணம் போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பற்றரி. மின் தொடர்பு இருக்கும்வரை மணிக்கூட்டை மின்வழங்கியே ஓட்டும். இடிமின்னலுக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றிவிடும் வீடுகளில் அந்தப் பற்றரியே முழு நேரமும் உழைப்பதால் விரைவில் தீரும். மாற்றிப் போட்டுத் திகதியைச் சரிசெய்தால் முடிந்தது.

திகதி சரியாக இருந்தும் மறுத்தால் பிரவுசர் பழையது. விண்டோஸ் 7க்குக் குரோம் 109தான் கடைசி, ஃபயர்ஃபொக்ஸில் 115 ஈஎஸ்ஆர் (நீண்டகாலம் பராமரிக்கும் பதிப்பு). இவற்றோடு வங்கிக் கணக்குக்குள் போகவேண்டாம்.

மாற்றவே முடியாத மெஷின்

அச்சகங்களில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7ம் பாமினியும் விண்டோஸ் எக்ஸ்பியுமாக ஓடும் மெஷின்கள் உண்டு. கலியாணக் கார்ட், அந்தியேட்டி மலர் எல்லாம் அதற்குள்தான். அதை மாற்றச் சொல்வது சுலபம், செய்வது கடினம். அப்படியானால் அதை இணையத்திலிருந்து முற்றாகப் பிரித்துவிடுங்கள். நெட்வேர்க் வயரைக் கழற்றுங்கள், வைஃபை கார்ட் இருந்தால் அதையும். வாடிக்கையாளரின் பென் ட்ரைவை நேராகச் செருகாமல், முதலில் திருத்தம் வரும் இன்னொரு மெஷினில் சோதியுங்கள். முடிந்த பக்கங்களைப் பிடிஎஃப் ஆகவும் எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

அந்த மெஷினில் வயதான பாகம் ஹாட் டிஸ்க். க்ளோன்சில்லா என்ற இலவசக் கருவியால் அதே அளவு அல்லது பெரிய இன்னொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுங்கள். மூலம் எது, பிரதி எது என்று டிஸ்க்கின் தொடரிலக்கத்தைப் பார்த்து உறுதி செய்த பின் மட்டும் ஆங்கில Y விசையை அழுத்துங்கள், மாறி அழுத்தினால் இருந்ததும் போகும். பிறகு பிரதியை மெஷினில் போட்டு, அது எழும்பிப் பேஜ்மேக்கர் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூல டிஸ்க்கைக் கழற்றித் திகதி எழுதி அலுமாரியில் வையுங்கள்.